பாரிட் தண்ணி பாய்ச்சிய களிமண்: கெட்டதும் தேறியதும்

ஜூன், ஜூலை வெயிலில் இந்த மண்ணில் ஒரு குறையும் தெரியவில்லை. செப்டம்பரில் முதல் கனமழை பெய்த மறுநாள், பாத்தி முழுக்கச் சிமெண்டுப் பால் பூசியதுபோல் ஒரு தோல் படிந்துவிட்டது. அதன்மேல் மூன்று நாள் தண்ணீர் நின்றது. வெண்டை மஞ்சளித்தது; மிளகாய் நின்ற இடத்திலேயே வாடியது. வேரைப் பிடுங்கிப் பார்த்தால் பழுப்பேறி வழவழத்தது. இரண்டு மாதம் பாய்ச்சிய தண்ணீர் செய்த வேலை, தண்ணீரை நிறுத்தி மழை வந்த பிறகுதான் வெளியே வந்தது. களிமண்ணில் இதுதான் வழக்கம் என்பது பிடிபட ஒரு மாதம் ஆயிற்று.

இடம் மலேசியாவின் சிலாங்கூரில் பந்திங் பக்கம், செம்பனைத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால். 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், ஆக 300 சதுர மீட்டர். கடலோரக் களி: காய்ந்தால் விரல் நுழையும் வெடிப்பு, நனைந்தால் காலில் கிடக்கும் சிலிப்பரை உருவிக்கொள்ளும் சேறு. பயிர் மிளகாய், வெண்டை, பயற்றங்காய். ஒன்றரை இன்ச் பம்பு வைத்துப் பக்கத்துப் பாரிட்டிலிருந்து (வடிகால் வாய்க்கால்) தண்ணீர். அந்தப் பாரிட் பெரிய பாரிட்டில் விழுந்து, தண்ணீர்க் கதவைத் தாண்டி லங்காட் ஆற்றில் சேர்கிறது. ஆற்றில் கடலேற்றம் உண்டு. விஷயம் முழுக்க இந்த ஒரு வரியில்தான் இருந்தது, ஆனால் முதலில் அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

தப்பாகப் போன இரண்டு வழிகள்

இலை மஞ்சளித்ததும் உரம் பற்றவில்லை என்று நினைத்து 5 கிலோ நீல உரம் போட்டோம். அதுவும் உப்புதான். வாடிய மிளகாய் இரண்டே நாளில் ஓரம் கருகியது.

அடுத்தது சுண்ணாம்பு. களி இறுகினால் ஜி.எம்.எல். (மக்னீசியச் சுண்ணாம்புக் கல் தூள்) போடு என்பது இங்கே எல்லாரும் சொல்லும் வைத்தியம். இரண்டு மூட்டை போட்டுக் கொத்தியும் மண் அசையவில்லை. பிறகுதான் பி.எச். பார்த்தோம்: 6.8. வருஷக்கணக்காகச் சாம்பலும் கோழி எருவும் விழுந்த பாத்தி அது. சுண்ணாம்புக் கல் கரைய மண்ணில் புளிப்பு வேண்டும், 6.8-இல் அது மாவாகவே கிடக்கும், கால்சியம் வெளியே வராது. அதோடு ஜி.எம்.எல்.-இல் மக்னீசியமும் கலந்திருக்கிறது. களித்துகள்களைச் சேர்த்துப் பிடிப்பதில் மக்னீசியம் கால்சியம் அளவுக்கு உதவாது. பி.எச். 5-க்குக் கீழே இருந்திருந்தால் இதே சரக்கு நன்றாக வேலை செய்திருக்கும். வைத்தியத்தில் பிழையில்லை, நோய்தான் வேறு.

மணல் கலக்கச் சொன்னவர்களும் உண்டு. நல்லவேளை, செய்யவில்லை. கனத்த களியில் கொஞ்சம் மணல் போட்டால் செங்கல்லுக்குப் பிசைந்த கதைதான்.

ஜாடியில் தெரிந்தது

திருப்பம் காசு செலவில்லாத ஒரு சோதனையில் வந்தது. பாத்தி மேல்மண்ணில் பட்டாணி அளவு கட்டிகளை எடுத்து நிழலில் நன்றாகக் காயவைத்தோம். மூன்று கண்ணாடி ஜாடி: ஒன்றில் பாரிட் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் மழைநீர். ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டியை மெதுவாக இறக்கிவிட்டு, ஆட்டாமல் அசைக்காமல் வைத்தோம். 10 நிமிடம், 2 மணி நேரம், 20 மணி நேரம் என்று மூன்று முறை பார்க்க வேண்டும்.

பாரிட் தண்ணீரில் கட்டி உதிர்ந்து சிறு குவியலானது, தண்ணீர் தெளிவாகவே இருந்தது. குழாய்த் தண்ணீரில் லேசான மங்கல். மழைநீரில் 2 மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால்வட்டம். மறுநாள் ஜாடியே தே தாரிக்.

உதிர்வது வேறு, கரைவது வேறு. கட்டி உதிர்ந்து தண்ணீர் தெளிந்திருந்தால் அங்கே குறைவது மக்கு, எருவும் இலைதழையும் போட்டால் தேறும். பால்போல் கலங்கினால் களித்துகள்களே ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன என்று பொருள். அது சோடியத்தின் வேலை. தண்ணீரில் உப்பு இருக்கும்வரை அந்த உப்பே துகள்களை நெருக்கிப் பிடித்து வைக்கிறது. மழை வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போகிறது. ஆனால் களியில் ஒட்டிய சோடியம் போகாமல் நிற்கிறது. பிடித்து வைக்க உப்பில்லை, பிரித்துவிடச் சோடியம் இருக்கிறது. ஊர்ப்பக்கத்துச் சொல்லில், உவராக இருந்த நிலம் மழையில் களராகிறது. இந்தச் சோதனையைப் பாய்ச்சும் தண்ணீரிலேயே செய்கிறவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஏமாறுவார்கள். மழைநீர் கட்டாயம். அதுவும் கூரையில் முதல் பத்து நிமிடம் வடிந்ததை விட்டுவிட்டுப் பிடித்தது.

அடுத்து மிலோ டின். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரிய டின்கள் இரண்டின் அடியை வெட்டிவிட்டு, மேலே பலகை வைத்துத் தட்டி 5 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறக்கினோம். முதலில் ஒரு தடவை ஊற்றி மண்ணை ஊறவிட வேண்டும். காய்ந்த வெடிப்பில் ஊற்றி அளந்தால் கணக்கு பொய். பிறகு ஒவ்வொன்றிலும் 440 மில்லி, அதாவது 25 மி.மீ. உயரம். பாரிட் தண்ணீர் 40 நிமிடத்தில் இறங்கிவிட்டது. மழைநீர் ஊற்றிய டின்னில் மூன்று மணி நேரம் கழித்தும் 10 மி.மீ. நின்றது.

தண்ணீரின் எண்கள்

65 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு கையடக்க இ.சி. மீட்டர் வாங்கினோம். தண்ணீர் மின்சாரம் கடத்தும் அளவை வைத்து அதிலுள்ள உப்பைக் காட்டும் கருவி அது; எண்கள் மில்லிசீமென்ஸ்/சென்டிமீட்டரில். 1.413 அளவுக் கரைசலில் சரிபார்க்காமல் இதை நம்பக் கூடாது. பெட்டியிலிருந்து எடுத்த உடனே எங்கள் மீட்டர் 1.6 காட்டியது. மழைநீர் 0.05-க்குப் பக்கம், கடல்நீர் 50-க்குப் பக்கம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் நடுவில் வரும் எண்களுக்கு அர்த்தம் புரியும்.

பம்பு வாயில் 2.1. ஆனால் பாரிட்டின் மேல்பரப்பில் குவளையில் முகந்து அளந்தால் 0.7. இந்த முரண் ஒரு நாள் முழுக்கக் குழப்பியது. ஒரு போத்தலில் கல்லைக் கட்டி, மூடிக்குத் தனிக் கயிறு கட்டி, அடியில் இறக்கிய பிறகு மூடியைப் பிடுங்கித் தண்ணீர் எடுத்துப் பார்த்தோம். ஒரு மீட்டர் ஆழத்தில் 3.4. உப்புத் தண்ணீர் கனம், அடியில் ஊர்ந்து வருகிறது. நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது. எங்கள் புட்வால்வு (பம்பின் உறிஞ்சுகுழாய் நுனியில் இருக்கும் வால்வு) கிடந்த இடம் சரியாக அடியில். காற்று இழுக்கக் கூடாது என்று ஆழத்தில் போட்டதுதான், உப்பைப் பொறுக்கி எடுத்து ஊற்றியிருக்கிறது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மூன்று நாள் இந்த அடி உப்பு கூடும். கிள்ளான் துறைமுகத்து ஓத அட்டவணையைப் பார்த்து, பாசாங் (ஏற்றம்) உச்சத்திலும் வற்றலிலும் அளந்து எழுதி வைத்தோம். வற்றலில் தண்ணீர்க் கதவைப் போய்ப் பார்த்தால், தானாக மூட வேண்டிய பலகையின் இடுக்கில் செம்பனை மட்டைத் துண்டு ஒன்று மாட்டிக்கொண்டு கதவு மூன்று விரல் திறந்தே கிடந்தது. எத்தனை மாதமாக என்று தெரியாது. அதை எடுக்கப் போகும்போது இரண்டு பேர் போக வேண்டும், தண்ணீர் ஏறத் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும்.

பம்பு வாயில் பிடித்த தண்ணீரையும் பாத்தி மண்ணையும் ஆய்வகத்துக்கு அனுப்பினோம், இரண்டுக்கும் சேர்த்து 180 வெள்ளி. தண்ணீரில் லிட்டருக்குச் சோடியம் 345 மி.கிராம், கால்சியம் 40, மக்னீசியம் 49. கணக்குக்கு இவற்றை அவற்றின் சமான எடைகளான 23, 20, 12.15 ஆல் வகுக்க வேண்டும்: 15, 2, 4. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கூட்டினால் 6, பாதி 3, அதன் வர்க்கமூலம் 1.73. பதினைந்தை அதனால் வகுத்தால் 8.7. இதுதான் எஸ்.ஏ.ஆர்., கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று காட்டும் எண்.

இப்போது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 1985-ஆம் ஆண்டுப் பாசன நீர் அட்டவணையைப் பாருங்கள். எஸ்.ஏ.ஆர். 6-க்கும் 12-க்கும் நடுவில் இருந்து, இ.சி. 1.9-க்கு மேல் இருந்தால் தண்ணீர் இறங்குவதில் சிக்கலில்லை என்கிறது. எங்கள் தண்ணீர் 2.1, தேறிவிட்டது! அதே வரிசையில் இ.சி. 0.5-க்குக் கீழே போனால் கடுமையான சிக்கல். மழைநீர் 0.05. அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு கட்டத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்தால், இங்கே மாதாமாதம் வானத்திலிருந்து விழும் இன்னொரு பாசனம் கணக்கில் வராது. மழை குறைந்த நாட்டில் இதே தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு உப்புதான் கவலை. நமக்கு உப்பு போன பிறகு கவலை. மிளகாய்க்கு 2.1 எப்படியும் அதிகம், தண்ணீரில் 1.0 தாண்டினாலே காய்ப்புக் குறையத் தொடங்கும். அது தனிக் கணக்கு.

மண்ணில் பரிமாற்றச் சோடியம், அதாவது களியில் ஒட்டியவற்றில் சோடியத்தின் பங்கு, 14 விழுக்காடு. களி ஒட்டிவைத்துக்கொள்ளக்கூடிய மொத்த அளவான பரிமாற்றக் கொள்ளளவு 100 கிராமுக்கு 24 மில்லிசமானம். அமெரிக்க உப்பு மண் ஆய்வகத்தின் 1954 கையேட்டில் 15-க்கு மேல்தான் களர். ஆஸ்திரேலியாவில் 6-லேயே எச்சரிக்கிறார்கள். மழை கொட்டும் இடத்துக்கு 6-தான் பொருத்தம்.

ஜிப்சம்

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். மண்ணில் புளிப்பு இல்லாமலே கரைந்து, அதன் கால்சியம் களியில் ஒட்டிய சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும். எவ்வளவு போடுவது? 14-ஐ 5-க்கு இறக்க வேண்டும்: 9 விழுக்காடு, 24-இல் 2.16. மேல் 15 சென்டிமீட்டர் மண் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 180 கிலோ. அந்தச் சோடியத்தை மாற்ற 334 கிராம் தூய ஜிப்சம். 300 சதுர மீட்டருக்கு 100 கிலோ. மூட்டையில் 85 விழுக்காடு தூய்மை என்று அச்சிட்டிருந்ததால் 118. எல்லாக் கால்சியமும் சோடியத்தையே தேடிப் போகாது என்பதால் கால்பங்கு கூட்டி 147. ஆக 50 கிலோ மூட்டை மூன்று, மூட்டை 30 வெள்ளி. சீலிங் பலகையின் உடைசலை இடித்துப் போடலாமே என்று ஒரு யோசனை வந்தது. அதில் ஒட்டியுள்ள காகிதமும் சேர்மானங்களும் என்னவென்று தெரியாமல் காய்கறி மண்ணில் போடுவதற்கில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் மேற்குப் பாதிக்கு மட்டும் 75 கிலோ தூவி, மேல் 10 சென்டிமீட்டரில் தோட்டத்து முள்கரண்டியால் கலந்தோம். மூன்று வாரம் மழை. மறுபடி ஜாடி: மறுபடி பால்.

காரணம் கண்முன்னே நின்றது, தண்ணீராக. ஜிப்சம் சோடியத்தைக் களியிலிருந்து கழற்றிவிட்டது, ஆனால் கழன்ற சோடியம் போக வழியில்லை. தேங்கிய தண்ணீரிலேயே கிடந்து, தண்ணீர் வற்றியதும் மேலே ஏறிவிட்டது. வடிகால் இல்லாமல் ஜிப்சம் போடுவது, அழுக்கை அலசிவிட்டு வாளியைக் கொட்டாமல் துணியை அதிலேயே விட்டுவைப்பது மாதிரி. வரிசை இதுதான்: முதலில் வடிகால், பிறகு ஜிப்சம், பிறகு மழை.

அக்டோபர் நான்காம் வாரம் சங்குல் (மண்வெட்டி) எடுத்து நீளவாக்கில் நான்கு வடிகால் வெட்டினோம், நடுவில் 1.2 மீட்டர் அகல மேட்டுப்பாத்திகள். ஆழம் 45 சென்டிமீட்டர், அதற்குமேல் ஒரு பிடிகூட இல்லை. இந்தப் பக்கத்துக் களியில் கீழே நீலச்சாம்பல் நிறச் சேறு இருக்கும்; கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். அது காற்றுப் படாதவரை சும்மா கிடக்கும். திறந்துவிட்டால் கந்தகப் புளிப்பாக மாறி, மண்ணில் வெளிர்மஞ்சள் புள்ளியும் பாரிட்டில் துருக்கறையும் விழும், பி.எச். 4-க்குக் கீழே போய்விடும். வெட்டுமுன் ஓரத்தில் ஒரு சோதனைக் குழி போட்டுப் பார்த்தோம்: 70 சென்டிமீட்டரில் நீலம் தொடங்கியது. 45-இல் நிறுத்தியது அதனால்தான். கடைவாயில் பலகை வைத்து வறட்சியில் வடிகாலில் தண்ணீரைத் தேக்கி வைத்தால் கீழ்ச்சேறு காயாது.

மண்ணைத் தொடுமுன் ஈரம் பார்க்க வேண்டும். கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் கயிறாக உருட்டுங்கள். 3 மி.மீ. கனத்துக்கு உடையாமல் உருண்டால் இன்னும் ஈரம் அதிகம், சங்குலைக் கீழே வைத்துவிடலாம். அந்த நிலையில் கொத்தினால் பாளம் பாளமாக வந்து பிறகு கல்லாகிவிடும். உருட்டும்போதே விண்டு போனால் கொத்தலாம்.

அக்டோபர் கடைசியில் கிழக்குப் பாதிக்கு மீதி 75 கிலோ. இரண்டு பாதியிலும் மேலே தண்டான் கோசோங் (பழம் எடுத்த செம்பனை வெற்றுக்குலை), மழைத்துளி நேராக மண்ணில் அடிக்காமல் இருக்க. அதை ஒரே அடுக்காக மட்டும் பரப்ப வேண்டும்; குவித்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும், பக்கத்துத் தோட்டத்து இளங்கன்றுகளின் குருத்துக்குக் கேடு.

ஒரு லிட்டர் தண்ணீர் 2.4 கிராம் ஜிப்சத்தைத்தான் கரைக்கும். நாங்கள் போட்டது சதுர மீட்டருக்கு 500 கிராம், எனவே அது முழுக்கக் கரையவே 210 மி.மீ. மழை வேண்டும். மேற்குக் கரையில் அதற்கு அக்டோபர், நவம்பர்தான் சரியான காலம். தீபாவளி மழை சும்மா போகக் கூடாது. நேரான டின் ஒன்றில் அளந்ததில் டிசம்பர் கடைசிவரை 430 மி.மீ. விழுந்தது. வடிகால் வாயில் முதல் வாரம் இ.சி. 2.9, டிசம்பர் கடைசியில் 0.6. அதைவிட நம்பிக்கை தந்தது நிறம்: முன்பெல்லாம் கலங்கி ஓடிய வடிநீர், நவம்பர் நடுவிலிருந்து அடி தெரிகிற மாதிரி ஓடியது.

ஜனவரியில் மழைநீர் ஜாடி தெளிவு. மிலோ டின்னில் 25 மி.மீ. மழைநீர் 50 நிமிடத்தில் இறங்கியது.

புட்வால்வு

இதற்கு அரை நாள் போதும், இதை முதலில் செய்திருக்க வேண்டும். விறைப்பான பி.வி.சி. குழாயைக் கழற்றிவிட்டு வளையும் ஸ்பைரல் ஓஸ் 3 மீட்டர், 45 வெள்ளி. இரண்டு 5 லிட்டர் எண்ணெய்ப் போத்தலை மூடி இறுக்கி மிதவையாகக் கட்டி, அதிலிருந்து புட்வால்வை நைலான் கயிற்றில் 25 சென்டிமீட்டர் கீழே தொங்கவிட்டோம். போத்தல் கையிருப்பு, கயிறு 8 வெள்ளி. 15 சென்டிமீட்டரில் தொங்கவிட்டபோது சுழி விழுந்து காற்று இழுத்தது. 40-இல் வற்றலின்போது அடிச்சேற்றைத் தொட்டது. பாரிட் ஏறினாலும் இறங்கினாலும் வால்வு மேல்தண்ணீரிலேயே நிற்கும். பம்பு வாயில் 2.1 இருந்தது 0.8 ஆனது, பௌர்ணமி நாட்களில் 1.6. அந்த நாட்களில் பாய்ச்சுவதைத் தள்ளிப்போடலாம். களி இரண்டு நாள் தாங்கும்.

வறட்சி நீண்டு மேல்தண்ணீரே 2-ஐத் தொட்டால் மழைநீர் கலக்கலாம், ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. பாதிக்குப் பாதி கலந்தால் இ.சி. பாதியாகி 1.1-க்கு வரும், எஸ்.ஏ.ஆர். பாதியாகாது, 8.7-இலிருந்து 6.1-க்குத்தான் இறங்கும். அட்டவணையில் இது பழைய தண்ணீரைவிட மோசமான கட்டம். 1,000 லிட்டர் தொட்டிக்கு 400 கிராம் ஜிப்சத்தை வாளியில் நன்றாகக் கலக்கி ஊற்றினால் எஸ்.ஏ.ஆர். 4-க்கு வந்து, இ.சி. 1.4-க்குப் பக்கம் நிற்கும். மண்ணுக்கு அது போதும், மிளகாய்க்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். கரையாத தூள் அடியில் தங்கும் என்பதால் பூவாளிக்குச் சரி, சொட்டு நீர்க் குழாய்க்கு ஆகாது. 60 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 480 லிட்டர் பிடிக்கலாம். இந்தப் பாத்தியோ வெயில் நாளில் 1,200 லிட்டர் குடிக்கும். ஆகவே கலவை எல்லாவற்றுக்கும் இல்லை, நாற்றுக்கும் மிளகாய்க்கும் மட்டும்.

செலவு: மீட்டர் 65, ஆய்வகம் 180, ஜிப்சம் 90, ஓஸும் கயிறும் 53. மொத்தம் 388 வெள்ளி. ஜி.எம்.எல்.-லும் நீல உரமும் வீணில் போனது 48. அடுத்த முறை ஆய்வகத்துக்குக் காசு கட்டுமுன் ஜாடி, மிலோ டின், மீட்டர் மூன்றையும் முடித்துவிடுவோம். ஜாடி தெளிவாக இருந்திருந்தால் அந்த 180 தேவையே இல்லை. வடிகாலை ஆகஸ்டிலேயே, மண் கயிறாக உருளாத நேரத்தில் வெட்டியிருந்தால் ஒரு பாதிக்கு மூன்று வார மழை மிச்சம்.

கிழக்கு மூலையில் நான்கு மீட்டர் மட்டும் இன்னும் சரியாகவில்லை. அங்கே தரை தாழ்வு, வடிகால் தண்ணீர் எதிர்த்து ஏறுகிறது, ஜாடியில் மெல்லிய பால்வட்டம் தெரிகிறது. இப்போதைக்கு அதில் கங்கோங் (ஈரத்தில் வளரும் கீரை) போட்டிருக்கிறது.